உயிரோடிருந்த கழகத்துக்கு ஒரு கல்வெட்டு

நான் எழுதிய எதையும் அதற்கு உரியவர் படித்ததில்லை. படிக்கும் நிலையில் அவர்கள் இருப்பதில்லை என்பதே காரணம்.

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று அவரைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிடுவோம். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். (கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, வழவழப்பான தாள்தான்.) அட்டையில் அன்னாரின் படம், இருபுறமும் குத்துவிளக்கு, சுற்றிவரக் கறுப்புக் கரை, கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு திகதிகள். உள்ளே தேவாரம், அதன்பின் வாழ்க்கை வரலாறு, கடைசிப் பக்கங்களில் துயருறும் உறவினரின் பட்டியல். ஊரில் நான் தமிழ் ஆசிரியையாக இருந்தவள். லண்டனில் ஒரு நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள். இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்த எங்கள் சனம், கல்வெட்டு எழுதத் தகுந்த ஆள் நான்தான் என்று முடிவு செய்துவிட்டது. நான் சொல்லப்போகும் கோடைக்குள், மனோர் பார்க்கிலிருந்து மோர்டன் வரை நாற்பது பேருக்குக் குறையாமல் வழியனுப்பியிருந்தேன்.

இந்தத் தொழிலுக்கு இரண்டே விதிகள். முதலாவது, குறை சொல்லக்கூடாது. ஊரெல்லாம் சண்டை பிடித்தவரை ‘நீதிக்காகக் குரல் கொடுத்தவர்’ என்று எழுத வேண்டும். இரண்டாவது, உறவினர் பட்டியலில் ஒருவரும் விடுபடக்கூடாது. வரலாற்றில் பிழை இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இராது. ஒரு பெரியவரின் மருமகனுடைய தங்கையை நான் ஒருமுறை மறந்துவிட்டேன். அந்த அம்மா இன்றைக்கும் என்னைக் கண்டால் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார்.

இனி மிர்கோவுக்கு வருகிறேன்.

மிர்கோ என் கணவர் சிவாவோடு ஒரே கராஜில் பஸ் ஓட்டியவர். பழைய யூகோஸ்லாவியாவின் ஆற்றங்கரை நகரம் ஒன்றிலிருந்து போரின்போது வந்தவர். ஆறடி ஆறங்குலம். எங்கள் வீட்டு வாசல்நிலையை அவர் முதன்முதலில் அறிந்துகொண்டது நெற்றியால்தான். கராஜிலிருந்த தமிழ்ச் சாரதிகள் எல்லாரும் என்னை அக்கா என்று அழைத்ததால், என்னைவிட ஒன்பது வயது மூத்த அவரும் அக்கா என்றே அழைத்தார். (திருத்த முயன்றேன். “ஓகே, அக்கா” என்றார்.)

அந்த நகரத்துக் கூடைப்பந்துக் கழகத்தில் மிர்கோ பத்து ஆண்டுகள் மாற்று ஆட்டக்காரராக இருந்தவர். கழகத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். நான் மறுபடியும் அதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்தால் அங்கே சிலருக்கு நெஞ்சு வலிக்கும்.

ஒரு ஞாயிறு மாலை எங்கள் சமையலறைக் கதிரையில் முழங்கால்களை மடிக்க இடமில்லாமல் உட்கார்ந்துகொண்டு, மிர்கோ தன் கவலையைச் சொன்னார். கழகம் நொடித்துவிட்டது. யாராவது கைகொடுக்காவிட்டால் இலையுதிர் காலத்தில் ஆற்றின் மறுகரையிலுள்ள எதிரிக் கழகத்தோடு இணைத்துவிடுவார்கள். இணைப்பு என்பது மரியாதைக்குச் சொல்லும் சொல். பெயர், நிறம், விளையாட்டு மண்டபம் மூன்றும் எதிரியுடையதாகவே இருக்கும். மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை ஸோரான் என்பவர். அதே ஊர்க்காரர், லண்டனில் கட்டட வேலை எடுத்துச் செய்து பெரிய நிலைக்கு வந்தவர். அடுத்த மாதம் வால்தம்ஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் கழக ஆதரவாளர்கள் கூடும்போது அவரும் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் ‘ஓம்’ என்றால் கழகம் பிழைக்கும். இல்லையென்றால் கதை முடிந்தது. அன்று எல்லார் கையிலும் கழகத்தின் வரலாறு இருக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் விளங்கவேண்டும் என்பதால் ஆங்கிலத்தில்.

“அக்கா, நீ புத்தகம் எழுதுகிறாயாம். சிவா சொன்னான்.”

“நாற்பது புத்தகம்,” என்றார் என் கணவர், தான் பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

என்ன புத்தகம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நாற்பது புத்தகம் எழுதியவள் என்ற மரியாதையோடு ஒருவர் பார்க்கும்போது, அந்தப் பார்வையைக் கலைக்க மனம் வராது. எனக்கு வரவில்லை.

அதன்பின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மிர்கோ வந்தார். நான் கொப்பியைத் திறந்து, எனக்குப் பழக்கமான வரிசையில் கேள்விகளைக் கேட்டேன். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான். அதனால் சுற்றிவளைக்கத் தெரியாது.

“பெற்றோர் யார்?”

“யாருடைய பெற்றோர்?”

“கழகத்தின்.”

மிர்கோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளர்கள். பெரிய போர் முடிந்த கையோடு. ஆலைக்குப் பின்னால் மண் தரை. பீப்பாயிலிருந்து இரும்பு வளையத்தைக் கழற்றி மரத்தில் அடித்தார்கள். அதுதான் முதல் கூடை.”

“உடன்பிறந்தோர்?”

“ஒரு கைப்பந்து அணி. ஒரு சதுரங்க அணி. கால்பந்து அணியும் உண்டு, ஆனால் அவர்களோடு பேச்சு இல்லை.”

(எல்லாக் குடும்பத்திலும் ஒன்று அப்படி இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.)

“திருமணம்?”

“தளபாடத் தொழிற்சாலையோடு,” என்றார் அவர், தயக்கமேயில்லாமல். “இருபது வருடம் அதன் பெயரைத்தான் சட்டையில் போட்டிருந்தோம். பிறகு தொழிற்சாலை மூடிவிட்டது.”

“அப்படியென்றால் துணையை இழந்தது.”

“அக்கா, நீ நன்றாகக் கேட்கிறாய். எங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் புள்ளிகளை மட்டும்தான் கேட்பார்கள்.”

அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. கழக மண்டபத்துக் கூரை ஒழுகிய ஒரு குளிர்காலம் முழுவதும், தரையில் வாளி ஒன்றை வைத்துவிட்டு அதைச் சுற்றி விளையாடியிருக்கிறார்கள். வாளி எங்கே இருக்கிறது என்று சொந்த அணிக்குத் தெரியும், வந்த அணிக்குத் தெரியாது. ஒரேயொரு பருவம் முதற் பிரிவில் ஆடித் தலைநகரத்துப் பெரிய அணியைத் தோற்கடித்த நாளில், ஆலைச் சங்கும் தேவாலய மணியும் ஒன்றாக ஒலித்தனவாம். பிறகு போர் வந்தபோது அதே மண்டபத்தில் குடும்பங்கள் மெத்தை விரித்துப் படுத்தன. அணித்தலைவர் ஒரு வளையத்திலிருந்து மறு வளையத்துக்குக் கயிறு கட்டினார், துணி காயப்போட. எல்லாம் ஓய்ந்து தரையைக் கழுவி மறுபடி ஆடத் தொடங்கியபோது ஏழு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அதில் மூவர் நாற்பதைத் தாண்டியவர்கள்.

நாங்களும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். என் கணவர் எழுந்து போய்க் கேத்தலில் மறுபடி தண்ணீர் வைத்தார்.

கடைசி ஞாயிறு, உறவினர் பட்டியல். ஆட்டக்காரர்கள், பயிற்றுநர்கள், சட்டை துவைத்த பெண்கள், நுழைவுச்சீட்டுக் கிழித்தவர் எல்லாரையும் மிர்கோ சொல்லி முடித்தார்.

“பிறகு யார்?”

“அவ்வளவுதான்.”

“பந்துப் பையைச் சுமந்தவர்கள்?”

“அக்கா, அவர்கள் வாண்டுகள். ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள்.”

“பெயர்,” என்றேன். தெருவைக் கடந்துபோகும் அந்த அம்மாவின் முகம் என் கண்முன் நின்றது.

பாவம் மனிதர், தொலைபேசி அட்டைகள் வாங்கி ஊருக்கு அழைத்துக் கேட்டார். இருநூற்றுச் சொச்சம் பெயர்கள் சேர்ந்தன. அவற்றை நான் முறைப்படி பிரித்தேன்: ஆட்டக்காரர்கள் மக்கள், அவர்களுக்குப் பின்வந்தோர் மருமக்கள், இளையோர் பேரப்பிள்ளைகள்.

வரலாற்றையும் என் வழக்கமான நடையிலேயே எழுதினேன். ‘மரத்தொழிலாளர்களின் தவப்புதல்வனாக அவதரித்து’ என்பதை ஆங்கிலத்தில் சொல்வது எளிதன்று, நான் சொன்னேன். ‘எவருக்கும் தீங்கு நினையாது’ என்று எழுதினேன். (அடுத்தடுத்துப் பதினொரு தோல்விகளைக் குறிப்பிட வேறு வழி தெரியவில்லை.) ‘இறந்தது’ என்று மட்டும் நான் எங்கும் எழுதவில்லை. இதைப் பின்னாளில் பலமுறை வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அச்சடித்தவர் குகன். ஈஸ்ட்ஹாமில் என்னுடைய நாற்பதையும் அச்சடித்தவர் அவர்தான். “ஒண்டும் யோசியாதேங்கோ அக்கா, நான் வடிவாச் செய்து தாறன்” என்றார். செய்தார். அவருடைய கணினியில் கல்வெட்டுக்கென்றே ஒரு சட்டகம் இருந்தது. அணியின் பழைய படமொன்றை நடுவில் வைத்தார். சட்டகம் தன் பங்குக்கு விளக்குகளையும் கறுப்புக் கரையையும் கொடுத்தது. அட்டையின் கீழே நிறுவிய ஆண்டு இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது. குகன் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் கடைக்குப் போயிருந்தேன். என் கணவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, அக்கா ஒரு திகதி போட மறந்திட்டா.”

“வாற ஞாயிறு, தம்பி,” என்றார் என் கணவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மண்டபக் கூட்டத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து.

குகனுக்கு அது விசித்திரமாகப் படவில்லையா என்று பிறகு கேட்டேன். “நானும் யோசிச்சனான் அக்கா. வெள்ளைக்காரர் எல்லாத்தையும் முன்கூட்டியே புக் பண்ணுவினம்தானே எண்டு விட்டிட்டன்” என்றார்.

ஆனால் குகனைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஞாயிறன்று பெட்டிகள் நேரே மண்டபத்துக்கு வந்தன. அவற்றைப் பிரித்தவள் நான். அட்டையைக் கையிலெடுத்து, மையின் வாசத்தை முகர்ந்து, எவ்வளவு லட்சணமாக இருக்கிறது என்று மகிழ்ந்தவளும் நான். நாற்பது முறை பார்த்த கண்ணுக்குக் கறுப்புக் கரை கறுப்பாகத் தெரியாது. பெயர்ப் பட்டியலை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, நூறு கதிரைகளிலும் ஒவ்வொன்றாக வைத்தேன். மிர்கோ பின்னாலிருந்த சமையலறையில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்.

சனம் வரத் தொடங்கியது. உயரமான மனிதர்கள் வாசலில் குனிந்து நுழைந்தார்கள், சிரித்தார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் தட்டினார்கள். பிறகு கதிரையிலிருந்த நூலை எடுத்தார்கள். கதிரையிலிருந்த நூலை எடுத்தார்கள். முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது.

நான் ஓரமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் நெஞ்சு பூரித்தது. ஒரு முதியவர் எழுந்து, தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். வேறு சிலரும் எழுந்தார்கள். நின்றுகொண்டு படிக்கிறார்களே, எவ்வளவு பண்பட்ட மக்கள் என்று வியந்தேன். பெண்கள் சிலுவைக் குறி இட்டார்கள். ஒரு மூதாட்டி நேரே என்னிடம் வந்து, என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, கண்ணீரோடு தன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். நான் தலையைத் தாழ்த்தி, “ஏதோ என்னால் முடிந்தது” என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்.

என் கணவர் பக்கத்தில் வந்து காதோடு கேட்டார்: “எல்லாரும் அழுகினம். நீர் என்னப்பா எழுதினனீர்?”

“உள்ளதைத்தான் எழுதினனான்.”

“உள்ளதுக்கு இப்பிடி அழுவினமோ?”

“நல்ல எழுத்துக்கு அழுவினம்,” என்றேன் நான். அந்த வாக்கியத்தை என் கணவர் இன்றுவரை மறக்கவில்லை.

அதற்குள் கைத்தொலைபேசிகள் வெளியே வந்துவிட்டன. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஊரிலிருந்த அண்ணன், தம்பி, மாமன் என்று யாரையோ அழைத்து உரத்துப் பேசினார்கள். அந்த இரைச்சலைக் கேட்டு மிர்கோ கையில் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தார். விழாவுக்கு அழைத்திருந்த சனம் துக்கம் காத்துக்கொண்டிருந்தது. ஒருவர் சிறிய கிண்ணத்திலிருந்து பிளம் மதுவை ஒரு சொட்டு தரையில் ஊற்றினார். (செத்தவருக்கு அப்படி ஊற்றுவார்களாம்.) மிர்கோ தட்டை மேசையில் வைத்தார். ஒரு நூலை எடுத்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அக்கா,” என்றார் மெதுவாக. “எங்கள் ஊரில் ஒருவன் செத்தால் கறுப்புக் கரை போட்ட தாளை மின்கம்பத்தில் ஒட்டுவார்கள். நடுவில் படம். கீழே இரண்டு திகதி.”

“எங்களிலும் அப்படித்தான்,” என்றேன் நான், பண்பாட்டு ஒற்றுமையைக் கண்ட மகிழ்ச்சியில். அதைச் சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

“இரண்டாவது திகதி இன்றைக்கு,” என்றார் மிர்கோ. “கழகம் இன்று காலை செத்துவிட்டது என்று எல்லாரும் ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். கழகத் தலைவர் இப்போது தொலைபேசியில் இருக்கிறார். தன்னைக் கேட்காமல் யார் கூட்டம் போட்டு மூடியது என்று கத்துகிறார்.”

“ஸோரான்?”

மிர்கோ கண்ணால் காட்டினார். கடைசி வரிசையில், சாம்பல் நிறக் கோட்டில், மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவர் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார். வந்து வெகுநேரமாகியிருந்தது. மிர்கோவின் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. பத்து ஆண்டுகள் கதிரையில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்த மனிதருக்குக் கடைசியாக ஒரு முறை கிடைத்தது. அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

நான் மேடையில் ஏறினேன். அது துணிவன்று, வாசல் தூரத்தில் இருந்தது, மேடை பக்கத்தில் இருந்தது.

“உங்கள் கழகம் உயிரோடு இருக்கிறது,” என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். “இறந்தது என் புத்தி மட்டும்தான். எங்கள் ஊரில் ஒருவருடைய வரலாற்றை ஒழுங்காக எழுதுவது அவர் போன பிறகுதான். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி யாரும் என்னை எழுதச் சொன்னதில்லை. வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.”

மிர்கோ அதை அவர்கள் மொழியில் சொன்னார். பிறகு பின்வரிசையில் கதிரை நகர்ந்தது. ஸோரான் எழுந்து நின்றார். அவர்கள் பேசியதை மிர்கோ துண்டு துண்டாக எனக்கு மொழிபெயர்த்தார்.

“கடைசிப் பக்கம்,” என்றார் ஸோரான். “பேரப்பிள்ளைகள் வரிசை. கீழிருந்து மூன்றாவது பெயர். இது யார்?”

“நீதான்,” என்றார் மிர்கோ.

“நான் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.”

“இல்லை.”

“ஒரு பருவம் பந்துப் பை சுமந்தேன். பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.”

முன்வரிசையில் இருந்த பழைய பயிற்றுநர், எண்பது வயது மனிதர், தலையைத் திருப்பாமலே சொன்னார்: “ஒழுங்காகச் சுமக்கவில்லை. இரண்டு பந்தைத் தொலைத்தாய்.”

“ஒன்று! மற்றது ஆற்றில் விழுந்தது!”

எங்கோ ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அவரை அதட்டப் போய்த் தானும் சிரித்தார். ஸோரான் சிரிக்கவில்லை, மேடையை நோக்கி நடந்து வந்து, என் முன்னால் நின்று, ஆங்கிலத்துக்கு மாறினார்.

“அம்மா, நான் இன்றைக்கு முடியாது என்று சொல்லத்தான் வந்தேன். அதைக் கண்ணியமாகச் சொல்ல வழி தேடிக்கொண்டே காரோட்டி வந்தேன். கழகம் இதற்கு முன் மூன்று வரலாறு வெளியிட்டிருக்கிறது. மூன்றிலும் என் பெயரைத் தேடியிருக்கிறேன். இல்லை. எனக்கு இல்லாத கழகம் இருந்தாலென்ன, போனாலென்ன? இன்றைக்கு நீங்கள் என்னைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டீர்கள். சேர்த்த அன்றைக்கே குடும்பத்தையும் கொன்றுவிட்டீர்கள்.” நூலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “பேரன் என்று வந்துவிட்டேன். அந்தியேட்டிக்கு மட்டும் வந்த பேரனாக இருக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.”

(அந்தியேட்டி என்று அவர் சொல்லவில்லைதான். ஆனால் அவர் சொன்னதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எங்களிடம் இல்லை.)

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையிலிருந்த இரண்டாவது திகதியின் மேல் நீளமாக ஒரு கோடு போட்டார். பிறகு பக்கத்தில் நின்றவரிடமிருந்து தொலைபேசியை வாங்கி, இன்னமும் கத்திக்கொண்டிருந்த கழகத் தலைவரிடம் பேசினார். இரண்டே வாக்கியம்தான். மறுமுனையில் கத்தல் நின்றது. மண்டபத்தில் கத்தல் தொடங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல இயலாது. பேனா கைமாறிக் கைமாறிப் போனது. எல்லாரும் தத்தம் பிரதியில் அந்தத் திகதியைக் கோடு போட்டு வெட்டினார்கள். ஆறியிருந்த இறைச்சி ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. தொப்பியைக் கழற்றிய முதியவர் அதை மேலே எறிந்தார்; அது விளக்கில் மாட்டிக்கொண்டது; அங்கே நின்றவர்களில் யாருக்கும் அதை எடுக்க ஏணி தேவைப்படவில்லை. மிர்கோ அழுதார், சிரித்தார், என் கணவரைத் தூக்கினார். பழைய பயிற்றுநர் என்னிடம் வந்து, கடைசிப் பக்கத்தில் தன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். நான் நடுங்கிப்போனேன்.

“பரவாயில்லை,” என்றார் அவர் மிர்கோ மூலமாக. “என்னுடைய புத்தகத்தை எழுதும்போது திருத்திக்கொள். ஆனால் நான் சொல்லும்வரை தொடங்காதே.”

கழகம் இன்றும் இருக்கிறது. இரண்டாம் பிரிவில், நடுவில், யாரையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாமல். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அணியின் படம் ஒன்று தபாலில் வருகிறது. பின்புறத்தில் ஆட்டக்காரர் எல்லாரும் கையொப்பமிட்டு, ‘அக்கா, இன்னும் மூச்சு இருக்கிறது’ என்று ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். நான் அதன் பிறகு கல்வெட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் அட்டையை இரண்டு முறை பார்க்கிறேன்.

சில ஆண்டுகளின் பின் என் கணவருக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவைச் சிகிச்சை நடந்தது. சிகிச்சை முடிந்த மறுநாள், அவர் கண்ணயர்ந்திருக்க, நான் கட்டிலருகே இருந்து, வீட்டுக்கு வாங்கவேண்டிய சாமான்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். மிர்கோ கையில் திராட்சைக் கொத்தோடு வந்தார். கட்டிலைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். குனிந்து, என் விரல்களுக்கிடையிலிருந்து பேனாவை உருவித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அக்கா, முதலில் டாக்டர் சொல்லட்டும்.”

என் கணவர் கண்ணைத் திறக்காமலே, “வடிவாப் பிடிச்சு வையும், மிர்கோ” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது இருமினால், ஒருவர் இஞ்சித் தண்ணீர் வைக்கப் போவார். மற்றவர்கள் அறை அறையாகப் போய் என் பேனாக்களைப் பொறுக்குவார்கள்.